திரும்ப முடியாத இடம்

(கவின்கலை மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கலை பயிலும் மாணவர்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். முன்கூட்டியே திட்டமிட்டு வரைவதா, தோன்றியபடி வரைவதா? கேட்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருப்பார். சிலருக்குத் திட்டம் என்றாலே உயிரில்லாத வேலை. அளவுகோலும் பென்சிலும் வந்துவிட்டால் ஊற்று வற்றிவிடும் என்று நம்புவார்கள். வேறு சிலருக்குத் தோன்றியபடி வரைவது பயிற்சியின்மையை மறைக்கும் போர்வை. இந்த இரு தரப்பும் பல தலைமுறைகளாக வாதிட்டு வருகின்றன. இரண்டுமே கேள்வியைத் தவறான இடத்தில் வைத்திருக்கின்றன என்பதே என் எண்ணம். அதைச் சில கலைஞர்களின் வேலையை அருகில் வைத்துப் பார்த்து விளக்க விரும்புகிறேன்.

நம் பாட்டியல் நூல்களிலிருந்தே தொடங்கலாம். அவை புலவர்களை நான்கு வகையாகப் பிரிக்கின்றன: ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி. பிறர் கொடுத்த சொல்லையும் பொருளையும் வைத்து நின்ற இடத்திலேயே பாடுபவர் ஆசுகவி. தேரின் வடிவத்திலும் பாம்பின் பின்னலிலும் எழுத்துகள் கட்டம் தப்பாமல் வந்து விழும்படி அமைப்பவர் சித்திரகவி. ஒருவர் பாட்டு கணத்தில் பிறக்கிறது. மற்றவர் பாட்டு எழுத்தெண்ணிக் கட்டப்படுகிறது. நம் முன்னோர் இருவரையும் ஒரே வரிசையில் அமர்த்தினார்கள். ஒருவர் மெய்க்கவி, மற்றவர் பொய்க்கவி என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆசுகவி என்றதும் நம் நினைவுக்கு வருபவர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காளமேகம். அவர் பாடிய வெண்பா எப்படிப்பட்ட வடிவம்? தளை தட்டக் கூடாது. ஈற்றடி மூன்று சீரில் முடிய வேண்டும். கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு மேல் எதுகை, மோனை, சிலேடை. இவ்வளவையும் ஒருவர் நின்றபடியே பாடினார் என்றால், பாடும் நேரத்தில் அவர் சீரை எண்ணிக்கொண்டிருக்கவில்லை என்றுதான் பொருள். எண்ணும் வேலை பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்து செவியில் படிந்துவிட்டது. திட்டம் அங்கேயும் உண்டு; அது நடந்த காலம்தான் வேறு.

ஆகவே ஒரு கலைஞரிடம் திட்டம் உண்டா இல்லையா என்று கேட்பதால் பயன் அதிகமில்லை. எப்போது திட்டமிட்டார், எப்போது கையை விட்டார் என்று கேட்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது எது? கலைஞரின் குணமா, அவர் சார்ந்த இயக்கமா? ஓரளவு அவையும்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைத் தீர்மானிப்பது அவர் கையிலிருக்கும் பொருள். ஒவ்வொரு கலைப்பொருளுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் செய்ததை மாற்ற முடியாது. அந்தக் கட்டத்தைத் ‘திரும்ப முடியாத இடம்’ என்று அழைக்கிறேன். அந்த இடம் வேலையில் எங்கே வருகிறது என்பதைப் பொறுத்தே திட்டமும் தன்னியல்பும் இடம் பிடிக்கின்றன.

முதலில் சுவரோவியம். ஈரமான சுண்ணாம்புக் காரையின் மேல் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டும் முறையை ஃப்ரெஸ்கோ என்கிறோம். அதன் வேதியியல் எளிமையானது. நீற்றிய சுண்ணாம்பு காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. அந்த இறுக்கத்தில் வண்ணத் துகள்களும் சுவரின் பகுதியாகிவிடுகின்றன. பசை ஏதும் வேண்டாம். ஆனால் காரை ஈரமாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் தீட்டி முடித்தாக வேண்டும். பிழை நேர்ந்தால் அழிக்க வழியில்லை. அந்தப் பகுதிக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். அதனால் ஒரு நாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே காரை பூசுவார்கள். இத்தாலியர்கள் அந்த ஒரு நாள் பரப்பை ஜோர்னாத்தா என்பார்கள்.

ரோம் நகரில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேல்விதானத்தை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டினார். அந்தப் பரப்பில் தோன்றியபடி வரைந்துவிட முடியுமா? முதலில் சிறு கோட்டுப் படங்கள், பிறகு மனித உடலை நேரில் பார்த்து வரைந்த படங்கள், பிறகு முழு அளவில் தாளில் வரைந்த வரைபடம். அந்த வரைபடத்தின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, ஈரச் சுவரில் வைத்து, கரித்தூளை ஒற்றிக் கோட்டைச் சுவருக்கு மாற்றுவார்கள். தேடலும் தயக்கமும் மாற்றமும் தாளிலேயே நடந்து முடிந்துவிட வேண்டும். சுவர் முடிவெடுக்கும் இடமாக இருக்கக் கூடாது.

ஆனால் மைக்கலாஞ்சலோ எப்போதும் அப்படியே செய்துகொண்டிருக்கவில்லை. 1980களில் அந்த ஓவியங்களைச் சுத்தப்படுத்தியபோது, சாரத்தில் ஏறி மிக அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு வல்லுநர்களுக்குக் கிடைத்தது. காரையின் ஒட்டுக்கோடுகளைக் கொண்டு எந்த உருவம் எத்தனை நாளில் தீட்டப்பட்டது என்று கணக்கிட்டார்கள். அவர் வாசல் பக்கம், நோவாவின் காட்சிகளிலிருந்து தொடங்கிப் பலிபீடத்தை நோக்கி நகர்ந்தார். தொடக்கக் காட்சிகளில் உருவங்கள் நெருக்கமாகவும் சிறிதாகவும் இருக்கின்றன; துளையிட்டு ஒற்றிய கரிப்புள்ளிகள் தெரிகின்றன. போகப் போக உருவங்கள் பெரிதாகின்றன, வேகம் கூடுகிறது. பலிபீடத்தை ஒட்டிய காட்சியில் ஒளியை இருளிலிருந்து பிரிக்கும் கடவுளின் உருவத்தை ஒரே நாளில் தீட்டியிருக்கிறார். சன்னல்களுக்கு மேலுள்ள அரைவட்டப் பகுதிகளில் முழு அளவு வரைபடமே இல்லாமல் நேராகச் சுவரில் வரைந்திருக்கிறார்.

இதைப் பார்த்துவிட்டு, மைக்கலாஞ்சலோ கடைசியில் திட்டத்தைக் கைவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. காரை காயும் நேரம் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மாறவில்லை. மாறியது அவர் கை. எந்த வண்ணம் காய்ந்தபின் எவ்வளவு வெளிறும், இருபது மீட்டர் கீழே நிற்பவருக்கு எந்தக் கோடு தெரியும், எது வீண் என்பதையெல்லாம் அந்தச் சுவரே அவருக்குக் கற்பித்துவிட்டது. தாளில் செய்துவந்த வேலையைச் சுமக்கும் அளவுக்குக் கை வளர்ந்தபோது தாள் தேவைப்படாமல் போயிற்று. அந்த ஒரு நாள் வேகத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவை அதற்கு முந்தைய ஆண்டுகளின் நிதானமான நாட்கள்தான்.

நம் ஊரிலும் இந்தக் கலைக்குச் சான்று உண்டு. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கருவறையைச் சுற்றிய இருண்ட உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, ஈரக்காரையில் தீட்டப்பட்டவை என்று கூறினார். அங்கே வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலை செல்லும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் நல்ல படத்திலாவது பாருங்கள். அந்தப் பாய்ச்சலில் தயக்கமே தெரியாது. அப்போதுதான் தோன்றி அப்போதே தீட்டியது போன்ற ஓட்டம். ஆனால் அந்த இருட்டில், விளக்கொளியில், காய்ந்துகொண்டிருக்கும் சுவரின் முன் நின்றவர் யானையின் கால் எங்கே வர வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்திருக்க முடியாது. அந்த ஓட்டம் உள்ளே ஊறிய பிறகே கை சுவரைத் தொட்டிருக்கிறது.

அடுத்து, வார்ப்புச் சிலை. சுவாமிமலைப் பட்டறைகளில் இன்றும் பார்க்கக்கூடிய வேலை இது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில் உருவம் செய்கிறார்கள். அளவுக்குத் தென்னங்கீற்று ஓலையை நீளமாக வெட்டி மடித்துப் பகுத்துக்கொள்கிறார்கள். தலை உச்சியிலிருந்து பாதம் வரை ஒவ்வோர் உறுப்பும் தாலமானக் கணக்கில் அடங்கும். மெழுகு உருவத்தின் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவிட்டு, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பின் மண்ணை உடைத்தால் சிலை. அச்சும் போயிற்று, மெழுகும் போயிற்று. அதனால் ஓர் அச்சில் ஒரே ஒரு சிலைதான்.

இங்கே திரும்ப முடியாத இடம் மெழுகை உருக்கி வெளியேற்றும் கணம். அதற்கு முன்பு மெழுகு எவ்வளவு தாராளமான பொருள் என்று எண்ணிப் பாருங்கள். விரலின் சூட்டிலேயே இளகும். ஒட்டலாம், சுரண்டலாம், ஒரு விரலைக் கொஞ்சம் கூடுதலாக வளைக்கலாம், இடுப்பின் சாய்வை அரைவிரல் மாற்றலாம். தாலமானம் வகுத்த கணக்குக்குள் ஸ்தபதியின் சுதந்திரம் முழுவதும் மெழுகில் இருக்கிறது. சோழர் கால வார்ப்பில் நகைகளின் நுணுக்கமும் ஆடையின் மடிப்பும் பெரும்பாலும் மெழுகிலேயே செய்து முடிக்கப்பட்டவை என்று சிலை வல்லுநர்கள் சொல்கிறார்கள். இன்றைய பட்டறைகளில் நுணுக்க வேலையில் பெரும்பகுதி வார்த்த பிறகு உளியால் செதுக்கப்படுகிறது. பழைய சிலையின் முகத்தில் காணும் இளக்கமும் புதிய சிலையில் காணும் கூர்மையும் இதனால்தான் வேறுபடுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கு அதேதான், உருவத்தை வருணிக்கும் தியான சுலோகமும் அதேதான். கலைஞர் எந்தப் பொருளில் விளையாடினார் என்பதுதான் மாறியிருக்கிறது. மெழுகில் விளையாடியவருக்கு மெழுகின் குணம் வாய்த்தது. உலோகத்தில் செதுக்கியவருக்கு உளியின் குணம் வாய்த்தது.

இப்போது எண்ணெய் வண்ணத்துக்கு வருவோம். இது மெதுவாகக் காயும். காய்ந்த பிறகும் மேலே தீட்டலாம், சுரண்டி எடுக்கலாம். திரும்ப முடியாத இடம் இங்கே மிகத் தொலைவில் இருக்கிறது. அதனால்தான் தன்னியல்பு பற்றிய பெரிய முழக்கங்கள் எண்ணெய் வண்ணம் ஆட்சி செய்த இடத்தில் எழுந்தன.

ஓவியர் காண்டின்ஸ்கி தம் ஓவியங்களையே மூன்றாகப் பிரித்துப் பெயரிட்டவர். புற உலகிலிருந்து பெற்ற பதிவுகள் ஒரு வகை. அகத்திலிருந்து திடீரென எழுபவை இரண்டாம் வகை. நீண்ட நாள் உள்ளே உருவாகி, திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டு முதிர்பவை மூன்றாம் வகை. அவற்றை இசையிலிருந்து எடுத்த ‘கம்போசிஷன்’ என்ற சொல்லால் அழைத்தார். அந்த வரிசையில் ஏழாவது, 1913இல் முடிந்த மாபெரும் ஓவியம். இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். அதன் முன் நிற்பவருக்கு வண்ணங்கள் வெடித்துச் சிதறியது போலவே இருக்கும். ஆனால் அதற்காக முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகள் செய்தார். பிறகு அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் துணியின் முன் நின்றபோது ஏறத்தாழ நான்கே நாட்களில் தீட்டி முடித்தார். அவருடைய துணைவியும் ஓவியருமான கப்ரியேலே முன்ட்டர் இடையிடையே நிழற்படம் எடுத்து வைத்ததால் அந்த நாட்களின் தடம் நமக்குக் கிடைத்திருக்கிறது.

எண்ணெய் வண்ணம் அவரை அவசரப்படுத்தவில்லை. ஆண்டுக்கணக்கில் அந்தத் துணியிலேயே மாற்றி மாற்றித் தீட்டியிருக்கலாம். சுவரோவியர் காரைக்குப் பயந்து செய்ததை இவர் தாமாகவே செய்தார். தேடலைத் தாளில் முடித்துக்கொண்டு, வெடிப்பைத் துணிக்கு வைத்துக்கொண்டார். வேகம் குறைந்தால் அந்த ஓவியம் உயிர் இழந்துவிடும் என்று அறிந்திருந்தார். ஸ்பானிய ஓவியர் மிரோவின் கதையும் இதற்கு நெருக்கமானது. 1920களில் அவர் தீட்டிய கனவு ஓவியங்கள் எந்த முன்னேற்பாடும் இன்றிப் பிறந்தவை என்று வெகுகாலம் நம்பப்பட்டது. பிற்காலத்தில் அவருடைய குறிப்பேடுகள் பார்வைக்கு வந்தபோது, அவற்றில் பலவற்றுக்குச் சிறு முன்வரைவுகள் இருப்பது தெரிந்தது. இதனால் அவர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று நான் கருதவில்லை. கனவு குறிப்பேட்டில் வந்தது. அதைக் கலைக்காமல் துணிக்குக் கொண்டுவரப் பக்குவம் தேவைப்பட்டது.

இந்த இடத்தில் பிக்காசோவின் ‘கெர்னிகா’வைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஓர் ஓவியம் எப்படிப் பிறந்தது என்பதற்கு இவ்வளவு முழுமையான தடயம் கிடைப்பது அரிது.

1937 ஜனவரியில், பாரிஸ் உலகக் கண்காட்சியில் அமையவிருந்த ஸ்பெயின் அரங்குக்கு ஒரு பெரிய ஓவியம் தீட்டித் தரும்படி ஸ்பானியக் குடியரசு அரசு பிக்காசோவைக் கேட்டது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் மாதங்கள் ஓடின. ஏப்ரல் நடுவில் அவர் போட்ட குறிப்புப் படங்கள் ஓவியரும் அவர் எதிரே அமர்ந்த பெண்ணும் என்ற, அவருக்குப் பழகிப்போன பொருளைச் சுற்றியே இருக்கின்றன. திட்டம் இருந்தது, அதற்கு நெருப்பு இல்லை. ஏப்ரல் 26 அன்று, குடியரசை எதிர்த்துப் போரிட்ட ஃபிராங்கோவுக்குத் துணைநின்ற ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் பாஸ்க் நாட்டின் கெர்னிகா ஊரின் மேல் குண்டு பொழிந்தன. அது சந்தை நாள். செய்தி பாரிஸை எட்டியது. மே முதல் நாள் பிக்காசோ புதிய படங்களைப் போடத் தொடங்கினார்.

அந்த முதல் நாள் படங்களைப் பாருங்கள். காளை இருக்கிறது, குதிரை இருக்கிறது, சன்னலிலிருந்து விளக்கை நீட்டும் பெண் இருக்கிறாள். முடிந்த ஓவியத்தின் முதுகெலும்பு அன்றே வந்துவிட்டது. மாதக்கணக்கில் வராதது ஒரு நாளில் வந்தது. இதைத் தன்னியல்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஆனால் காளையும் குதிரையும் அன்று வானத்திலிருந்து இறங்கியவை அல்ல. காளைச் சண்டையைச் சிறுவயது முதல் வரைந்து வந்தவர் அவர். 1935இல் அவர் செய்த ‘மினோடாரோமாக்கி’ என்ற செதுக்குப் படத்தில் காளைத்தலை மனிதனும், காயமுற்ற குதிரையும், கையில் மெழுகுவத்தி ஏந்திய சிறுமியும் ஏற்கெனவே இருக்கிறார்கள். நெஞ்சில் பல ஆண்டுகளாகக் கிடந்த உருவங்கள், ஒரு கொடுமை வந்து தட்டியபோது எழுந்து வரிசையில் நின்றன.

அதன் பிறகு பத்து நாள் தாளில் வேலை. குதிரையின் தலைக்குத் தனிப் படங்கள், இறந்த குழந்தையை ஏந்திய தாய்க்குத் தனிப் படங்கள். ஒவ்வொன்றிலும் தேதியிட்டார். மொத்தம் நாற்பத்தைந்து அளவில் எஞ்சியிருக்கின்றன. மே 11 அன்று பெரிய துணியில் கோடு வரைந்தார். ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் கொண்ட துணி. அன்றிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அந்தத் துணியில் நடந்த மாற்றங்களை நிழற்படக் கலைஞர் டோரா மார் படிப்படியாகப் பதிவு செய்தார்.

அந்த நிழற்படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு கையைத்தான். முதல் நிலையில், தரையில் வீழ்ந்து கிடக்கும் போராளியின் கை செங்குத்தாக உயர்ந்து, முட்டி மடக்கி நிற்கிறது. முட்டி உயர்த்துவது அன்றைய குடியரசு ஆதரவாளர்களின் வணக்கமுறை. அடுத்த நிலையில் அந்த முட்டி பெரிதாகிறது. கதிர்க்கட்டு போன்ற ஒன்றைப் பற்றியிருக்கிறது. பின்னால் பெரிய சூரிய வட்டம். ஓவியம் முழுவதும் அந்தக் கையை நோக்கித் திரும்பியிருக்கிறது. அதற்கடுத்த நிலையில் கை இல்லை. சூரியன் ஒடுங்கிக் கண் வடிவாகிறது. இறுதியில் அந்தக் கண்ணுக்குள் ஒரு மின்விளக்குக் குமிழ் வருகிறது. குதிரையின் தலை, முதலில் கீழே குனிந்திருந்தது, இப்போது நடுவில் நிமிர்ந்து கதறுகிறது.

அந்த முட்டி நல்ல திட்டம். அரசு கேட்டதற்குப் பொருத்தமான சின்னம். அரங்குக்கு வருபவர் யாருக்கும் ஒரே பார்வையில் புரியும். ஆனால் அது இருந்தவரை ஓவியம் தீர்வு சொல்லிக்கொண்டிருந்தது: நாங்கள் வீழ்ந்தாலும் எழுவோம் என்று. அதை எடுத்ததும் தீர்வு போயிற்று. கதறல் மட்டும் நின்றது. என் புரிதல் இதுதான்: அந்த முட்டி பிக்காசோ ஏற்றுக்கொண்ட கொள்கையிலிருந்து வந்தது, குதிரையின் கதறல் துணியில் வேலை செய்துகொண்டிருந்தபோது வந்தது. இரண்டும் ஒரே இடத்துக்கு மோதியபோது துணி சொன்னதை அவர் கேட்டார். நடுவில் வண்ணத்தாள் துண்டுகளை ஒட்டிப் பார்த்தார், எடுத்தும் விட்டார். ஆனால் விளக்கேந்திய பெண்ணை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை அவர் கைவிடவில்லை.

இதில் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. பிக்காசோ திட்டத்தைப் பின்பற்றினாரா, மீறினாரா? இரண்டும் செய்தார். எதைப் பின்பற்றுவது, எதை மீறுவது என்று தெரிந்துகொள்ள அந்தத் திட்டமே அவருக்கு உதவியது. முட்டி துணியில் வந்து நின்றதால்தான் அது வேண்டாதது என்று கண்ணுக்குத் தெரிந்தது. திட்டமே இல்லாதவருக்கு எதிலிருந்து விலகுகிறோம் என்று தெரியாது. தற்செயலாக ஒரு நல்ல கோடு விழுந்தாலும், அது நல்ல கோடு என்று அடையாளம் காண முடியாது.

ஓவியத்தை விட்டுச் சற்று இசைக்கு வருகிறேன். கச்சேரி மேடையில் ஒவ்வொரு கணமும் திரும்ப முடியாத இடம்தான். பாடிய ஸ்வரத்தைத் திரும்ப எடுக்க முடியாது. சுவரோவியருக்காவது காரையைக் கொத்தும் வசதி உண்டு. பாடகருக்கு அதுவும் இல்லை. ஆனாலும் நம் இசையில்தான் மேடையிலேயே கற்பனை செய்து பாடும் மனோதர்மம் இவ்வளவு பெரிய இடம் பிடித்திருக்கிறது. எப்படி?

கணக்கும் கற்பனையும் அங்கே அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. ராக ஆலாபனையில் தாளம் இல்லை, நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போல விரிந்துகொண்டே போகலாம். கற்பனை ஸ்வரத்தின் முடிவில் வரும் கோர்வையோ கணக்கில் பிசகக் கூடாது. ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் என்றால் 64 மாத்திரை. 15 மாத்திரைச் சொற்கட்டு மூன்று முறை வந்தால் 45. பிறகு ‘ததிகிணதொம்’ என்ற ஐந்து மாத்திரை, இரண்டிரண்டு மாத்திரை இடைவெளியோடு மூன்று முறை வந்தால் 19. கூட்டினால் 64. தாளத்தின் முதல் அடியான சமத்தில் வந்து விழும். இதை மேடையில் கூட்டிப் பார்ப்பதில்லை. சாதகத்தில் ஆயிரம் முறை கூட்டி முடித்தாகிவிட்டது. கச்சேரிப் பத்ததியை இன்றைய வடிவுக்கு ஒழுங்குபடுத்தியவர் என்று போற்றப்படும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணம் எங்கே, பெரிய ராகம் எங்கே, துக்கடா எங்கே என்று வகுத்ததால் மேடையில் கற்பனை குறைந்துவிடவில்லை. அடுத்து என்ன என்ற கவலை நீங்கியதால், இப்போது என்ன என்பதில் மனம் முழுதாக இறங்க முடிந்தது.

மைக்கோடும் இப்படித்தான். நம் ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டை ஒட்டி 1960களின் இறுதியில் காந்தியைக் கோட்டோவியங்களாக வரிசையாக வரைந்தார். மையில் அழிப்பதற்கில்லை. அதனால் ஒரு படத்தைத் திருத்துவதற்குப் பதிலாக அடுத்த படத்தை வரைந்தார். ஒவ்வொரு படமும் அடுத்ததற்கு முன்வரைவு. ஒவ்வொன்றும் முழுமையான படைப்பு. திட்டம் தனிப்படத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

இனி உங்கள் காலத்துக்கு வருகிறேன். நான் உண்மையில் சொல்ல வந்தது இதைத்தான்.

உங்களில் பலர் டேப்லெட்டில் வரைகிறீர்கள். அதில் லேயர் உண்டு, அன்டூ உண்டு. ஐந்து நிமிடம் முன்பிருந்த நிலைக்கும் போகலாம், நேற்றைய நிலைக்கும் போகலாம். மனித வரலாற்றில் முதல் முறையாகத் திரும்ப முடியாத இடமே இல்லாத கருவி ஒன்று ஓவியரின் கைக்கு வந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. அஞ்சாமல் சோதித்துப் பார்க்கும் வசதியை அது எத்தனையோ பேருக்குத் தந்திருக்கிறது. வண்ணம் வாங்கக் காசில்லாத பிள்ளைக்கும் ஆயிரம் வண்ணங்களைத் தந்திருக்கிறது. ஆனால் அதனால் ஒரு புதிய பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. காரை காய்வதும், மெழுகு உருகுவதும், மை ஊறுவதும், தாளம் நகர்வதும் இதுவரை கலைஞர்களுக்காக ஒரு முடிவை எடுத்துக்கொண்டிருந்தன: தேடியது போதும், இனிச் செய் என்று. உங்கள் கருவி அதைச் சொல்லாது. நீங்களேதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

சொல்லிக்கொள்ளாவிட்டால் இரண்டில் ஒன்று நேர்கிறது. திட்டத்தில் நம்பிக்கையுள்ள மாணவர் முடிவில்லாமல் திருத்திக்கொண்டே இருக்கிறார். கோட்டில் இருந்த துடிப்பெல்லாம் தேய்ந்து போகிறது. தன்னியல்பில் நம்பிக்கையுள்ள மாணவர் எதிலும் தங்காமல் தாவிக்கொண்டே இருக்கிறார். விலகுவதற்கு ஒரு வழித்தடமே அவரிடம் இல்லை. இருவருக்கும் குறை ஒன்றுதான். இருவருமே முடிவெடுக்கும் கணத்தைச் சந்திக்காமல் தப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒரு படைப்பைத் தொடங்கும் முன், இதில் திரும்ப முடியாத இடம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பொருளே அதைத் தந்தால் அதை மதித்து, தேடலை அதற்கு முன்பே முடியுங்கள். பொருள் தராவிட்டால், காண்டின்ஸ்கி செய்ததைப் போல நீங்களே ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள்: இத்தனை முன்வரைவு, அதன் பிறகு இத்தனை நாள், அதற்கு மேல் தொடுவதில்லை என்று. இது முதலாவது.

இரண்டாவது, வேலையின் ஒவ்வொரு நிலையையும் பதிவு செய்யுங்கள். முன்ட்டரும் டோரா மாரும் பெரும்பாடு பட்டுச் செய்ததை உங்கள் கைபேசி நொடியில் செய்துவிடும். அடுத்தவருக்குக் காட்டுவதற்காக வேண்டாம். எந்த நிலையில் படத்துக்கு உயிர் வந்தது, எந்த நிலையில் போயிற்று என்று நீங்கள் பிறகு உட்கார்ந்து பார்ப்பதற்காக. உங்கள் கை எப்போது நம்பத் தகுந்தது, எப்போது தாளின் துணை வேண்டும் என்று அந்தப் பதிவுகள் உங்களுக்குச் சொல்லித்தரும். வேறெந்த ஆசிரியரும் அதைச் சொல்லித்தர முடியாது.

மூன்றாவது, உங்கள் திட்டத்துக்கும் கண்முன் உருவாகும் படத்துக்கும் மோதல் வரும்போது அஞ்சாதீர்கள். அந்த மோதலுக்காகத்தான் இவ்வளவு பாடும். அந்த நேரத்தில், எந்தப் பக்கம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்கிறது, எந்தப் பக்கம் எனக்கு இதுவரை தெரியாததைச் சொல்கிறது என்று கேளுங்கள். தெரியாததைச் சொல்லும் பக்கம் சாயும் துணிவு வேண்டும். அந்தத் துணிவு உழைத்துத் திட்டமிட்டவருக்கே நியாயமாகக் கிடைக்கிறது; ஏனென்றால், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவருக்குத்தான் தெரியும்.

திட்டமிடுபவர், தன்னியல்பானவர் என்று கலைஞர்களைச் சாதி பிரித்தது போதும். எதை எப்போது முடிவு செய்வது என்று அறிந்தவர், அறியாதவர் என்ற வேறுபாடு மட்டுமே நிற்கிறது. அறிவது எளிதல்ல, ஆனால் அது பிறவி வரமும் அல்ல, பயிற்சியால் வருவது. உங்கள் ஒவ்வொருவருக்கும் அது கைகூடும் என்று நான் மனமார நம்புகிறேன்.